சைப்ரஸ் மீன் கடையில் நம்ம ஊர் ஓரா! சூயஸ் வழியே குடியேறிய மீன்களின் கதை

ராமநாதபுரம், தூத்துக்குடி கரையோரங்களில் ஓரா மீனைத் தெரியாத வீடு குறைவு. பாறையோரப் பாசியையும் கடல்புல்லையும் மேய்ந்து வளர்கிற மீன். சுத்தம் செய்யும்போது முதுகு முள் குத்திவிட்டால் விரல் நெடுநேரம் கடுக்கும். ஆனாலும் புளி கரைத்துக் குழம்பு வைத்து இறக்கினால் அந்தக் கடுப்பு மறந்துபோகும்.

இந்த ஓராவின் பங்காளி ஒருவர் ஐரோப்பிய ஒன்றியத்தில் குடியிருக்கிறார். மத்தியதரைக் கடலின் கிழக்கு மூலையில் இருக்கும் சைப்ரஸ் தீவில் அவருக்கு ‘கூர்கூனா’ என்று பெயர். உள்ளூர்க்காரர்கள் ஆசையாக வாங்கிப் போகிறார்கள், நல்ல விலையும் கிடைக்கிறது. ஆனால், அவர் அந்தக் கடலில் பிறந்து வளர்ந்த பரம்பரை இல்லை. செங்கடலிலிருந்து, மனிதர்கள் வெட்டிய ஒரு கால்வாய் வழியாக வந்து சேர்ந்தவர்.

கூர்கூனாவுக்குப் பின்னால் அதே வழியில் இன்னும் பலர் வந்துவிட்டார்கள். அவர்களில் இருவரால் சைப்ரஸ் மீனவர்களுக்குத் தூக்கமே போயிற்று. ஒன்று, பார்க்க அழகான சிங்க மீன். இன்னொன்று, நம் வலையில் சிக்கினால் மணலில் தூக்கி எறிந்துவிடும் பேத்தை மீன்.

பூநாரைகளும் பேரீச்சை மரங்களும்

சைப்ரஸ், மத்தியதரைக் கடலின் மூன்றாவது பெரிய தீவு. சிசிலியும் சார்டினியாவும்தான் அதைவிடப் பெரியவை. 1960 வரை பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்ததால் இன்றும் அங்கே வண்டிகள் நம் ஊரைப்போலச் சாலையின் இடதுபக்கம்தான் ஓடுகின்றன. 1974-லிருந்து தீவு வடக்கு, தெற்கு என்று பிரிந்து கிடக்கிறது. 2004-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. தெற்கே யூரோ செல்லும்.

தென்கிழக்குக் கரையில் இருக்கிறது லார்னாகா. சைப்ரஸுக்கு விமானத்தில் வருகிறவர்களில் பெரும்பாலானோர் முதலில் கால் வைக்கும் ஊர் இதுதான். கடற்கரையை ஒட்டி நீளமாக ஒரு நடைபாதை, அதன் ஓரம் வரிசையாகப் பேரீச்சை மரங்கள். பின்னால் பழைய தெருக்கள், புனித லாசரஸ் தேவாலயம். ஊருக்கு வெளியே ஓர் உப்பு ஏரி. கோடியக்கரைக்கு வருவதைப்போலவே இங்கேயும் குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்கும். ஏரிக்கரையில் ஹாலா சுல்தான் தெக்கே என்ற பழைய பள்ளிவாசல். ஒரு பக்கம் தேவாலய மணி, மறுபக்கம் பள்ளிவாசல் மினார், நடுவில் இளஞ்சிவப்புப் பறவைகள் என்று ஊர் பார்ப்பதற்கு அவ்வளவு அமைதியாக இருக்கும்.

கடல் அப்படி அமைதியாக இல்லை. சைப்ரஸின் தெற்குக் கரையிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் தெற்கே போனால் எகிப்தின் போர்ட் சையத் துறைமுகம் வந்துவிடும். சூயஸ் கால்வாயின் வடக்கு வாசல் அது. உலகக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்து வெளியேறுகிற அந்த வாசலில், மீன்களிடம் யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை.

1869-ல் திறந்த கதவு

1869 நவம்பர் 17. பிரான்ஸைச் சேர்ந்த பெர்டினாண்ட் டி லெசெப்ஸ் முன்னின்று நடத்திய சூயஸ் கால்வாய் வேலை முடிந்து, கப்பல்களுக்குத் திறந்துவிடப்பட்ட நாள். அதுவரை இந்தியாவிலிருந்து ஐரோப்பா போகிற கப்பல்கள் ஆப்பிரிக்கக் கண்டத்தையே சுற்றி வர வேண்டியிருந்தது. கால்வாய் திறந்ததும் பயணம் பாதியாகச் சுருங்கியதுபோல் ஆயிற்று. வணிகர்களுக்குக் கொண்டாட்டம்.

வெகுகாலமாகப் பிரிந்து கிடந்த இரண்டு கடல்கள் அன்றைக்கு ஒன்றோடு ஒன்று சேர்ந்துவிட்டன என்பது அப்போது பெரிதாகப் பேசப்படவில்லை.

பனாமா கால்வாயோடு ஒப்பிட்டால் விஷயம் எளிதாகப் புரியும். பனாமாவில் கப்பல்களை மதகுகள் வழியாகப் படிப்படியாக மேலே ஏற்றி, நடுவில் ஒரு நன்னீர் ஏரியைக் கடக்கவைத்து, மறுபடி கீழே இறக்குவார்கள். உப்புநீர் மீன்களில் பெரும்பாலானவை அந்த நன்னீரைத் தாண்டாது. சூயஸில் மதகும் கிடையாது, ஏற்றமும் கிடையாது. செங்கடலிலிருந்து மத்தியதரைக் கடல் வரை ஒரே மட்டத்தில் கடல்நீர்தான்.

அப்படியானால் கதவு திறந்த உடனே மீன்கள் ஏன் கூட்டமாகப் பாயவில்லை? இயற்கையாகவே அங்கே இரண்டு தடைகள் இருந்தன.

முதல் தடை உப்பு. கால்வாயின் நடுவில் ‘கசப்பு ஏரிகள்’ என்று அழைக்கப்படும் ஏரிகள் இருக்கின்றன. கால்வாய் வெட்டுவதற்கு முன்பு அவை வறண்ட உப்புப் பள்ளங்கள். அடியில் பல மீட்டர் தடிமனுக்கு உப்பு இறுகிக் கிடந்தது. தண்ணீர் புகுந்ததும் அந்த உப்பு கரையத் தொடங்கியது. ஏரியின் நீர் சாதாரணக் கடல்நீரைவிட மிக அதிகமாகக் கரித்தது. பெரும்பாலான மீன்களால் அதைத் தாண்ட முடியவில்லை. ஆனால், ஆண்டுகள் போகப்போக உப்பு கரைந்து, ஏரி நீர் கடல்நீரின் அளவை நெருங்கிவிட்டது.

இரண்டாவது தடை நைல் நதி. ஒவ்வோர் ஆண்டும் வெள்ளக் காலத்தில் நைல் கொண்டுவந்து கொட்டிய நன்னீர், கால்வாயின் வடக்கு வாய்க்கு அருகே கடலின் உப்பையே குறைத்துவிடும். செங்கடலின் உப்புக்குப் பழகிய மீன்களுக்கு அது ஒத்துவராது. 1970-ல் அஸ்வான் உயர் அணை கட்டி முடிக்கப்பட்டது. எகிப்துக்கு மின்சாரமும் பாசனமும் கிடைத்தன. கடலுக்குப் போன வெள்ளம் நின்றது. இரண்டாவது தடையும் போய்விட்டது.

மூன்றாவதாக, கடலே மாறிவிட்டது. மத்தியதரைக் கடலின் கிழக்குப் பகுதி வேகமாகச் சூடாகி வருகிறது. சைப்ரஸைச் சுற்றி ஆகஸ்ட் மாதத்தில் மேல்மட்ட நீரின் வெப்பம் 28 டிகிரி செல்சியஸைத் தொடுகிறது. செங்கடலிலிருந்து வருகிற வெப்பமண்டல மீனுக்கு இது கிட்டத்தட்ட சொந்த வீடு மாதிரி.

கால்வாயும் சும்மா இல்லை. திறந்தபோது 164 கிலோமீட்டர் நீளமும் 8 மீட்டர் ஆழமுமாக இருந்தது, இன்று 193 கிலோமீட்டர் நீளமும் 24 மீட்டர் ஆழமும் கொண்டது. 2015-ல் புதிதாக ஒரு பாதை வெட்டி இன்னும் அகலப்படுத்தினார்கள். 2021 மார்ச்சில் ‘எவர் கிவன்’ என்ற ராட்சசக் கப்பல் குறுக்கே சிக்கி ஆறு நாள் வழியை அடைத்துக்கொண்டது பலருக்கு நினைவிருக்கும். நூற்றுக்கணக்கான கப்பல்கள் வரிசையில் காத்துக் கிடந்தன. மீன்களுக்கு அந்த அடைப்பு ஒரு பொருட்டே அல்ல.

முதலில் வந்த விருந்தாளி

1902-ல் எகிப்துக் கரையில், செங்கடலைச் சேர்ந்த வெள்ளிநிறச் சின்ன மீன் ஒன்று பதிவாயிற்று. கால்வாய் வழியே மத்தியதரைக் கடலுக்கு வந்ததாகப் பதிவான முதல் மீன் அதுதான். அதன் பிறகு வரிசை நிற்கவே இல்லை. இன்று இந்த வழியில் வந்த மீன் இனங்கள் மட்டும் நூறுக்கும் மேல். நண்டு, இறால், நத்தை, ஜெல்லி மீன் எல்லாவற்றையும் சேர்த்தால் நானூறைத் தாண்டும். லெசெப்ஸின் பெயரைவைத்தே இதற்கு ‘லெசெப்சியன் இடப்பெயர்வு’ என்று பெயர் சூட்டினார் பிரான்சிஸ் டோவ் போர் என்ற விலங்கியல் அறிஞர். கால்வாய் கட்டியவருக்கு இப்படியும் ஒரு நினைவுச் சின்னம்!

கூர்கூனா, மத்தியதரைக் கடலில் முதன்முதலாகப் பதிவானது 1924-ல். 1950-களில் அதன் இன்னொரு வகையும் வந்தது. இன்று சைப்ரஸ், லெபனான் கரைகளில் இந்த இரண்டும் சர்வசாதாரணம். லெபனானில் மொறுமொறுவென்று பொரித்துத் தட்டில் அடுக்குகிறார்கள். சைப்ரஸில் கரியடுப்பில் சுட்டு, எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் விட்டுச் சாப்பிடுகிறார்கள். அங்கே பிறந்து வளர்ந்த தலைமுறைக்கு அது வெளியூர் மீன் என்றே தோன்றாது.

அப்படியென்றால் நல்லதுதானே என்று கேட்கலாம். கடலுக்கு அடியில் வேறு கணக்கு. கூர்கூனா சைவம். மத்தியதரைக் கடலின் பாறைகளில் காடுபோல வளர்ந்து நின்ற கடற்பாசிகளை மேய்கிறது. அந்தக் கடலில் பாசியை மேய்கிற சொந்த மீன்கள் வெகு குறைவு. அதனால் அந்தப் பாசிக் காடுகள் இவ்வளவு பெரிய மேய்ச்சலுக்குப் பழகியவையும் அல்ல. துருக்கியின் தெற்குக் கரையில் ஆய்வாளர்கள் மூழ்கிப் பார்த்தபோது, கூர்கூனா கூட்டம் அதிகமுள்ள இடங்களில் பாறைகள் மொட்டையாகக் கிடந்தன. ஆடு மேய்ந்து போன மலைச்சரிவு போல. அந்தப் பாசிக் காட்டில்தான் மற்ற மீன்களின் குஞ்சுகள் ஒளிந்து வளர வேண்டும்.

மீன் கடையில் பார்த்தால் வரவு. பாறையில் பார்த்தால் செலவு. நூறு ஆண்டுகளாக இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன.

கப்பல் இடுக்கில் சிங்கம்

லார்னாகா கடலில் ஒரு கப்பல் மூழ்கிக் கிடக்கிறது. பெயர் ‘செனோபியா’. ஸ்வீடனில் கட்டப்பட்ட புத்தம் புதிய கப்பல். சிரியாவுக்கு லாரிகளை ஏற்றிக்கொண்டு வந்த முதல் பயணத்திலேயே ஒருபக்கமாகச் சாய்ந்து, 1980 ஜூன் மாதம் இங்கே மூழ்கியது. கப்பலில் இருந்தவர்கள் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டதால் உயிர்ச் சேதம் இல்லை. நூறுக்கும் மேற்பட்ட லாரிகள் அதனுடனேயே கீழே போயின. சுமார் 42 மீட்டர் ஆழத்தில் படுத்திருக்கும் இந்தக் கப்பலைப் பார்க்க, உலகெங்கிலுமிருந்து ஸ்கூபா பயிற்சி பெற்றவர்கள் வருகிறார்கள்.

கப்பலின் துருப்பிடித்த இடுக்குகளில் இப்போது சிங்க மீன்கள் குடியிருக்கின்றன. செம்பழுப்பும் வெள்ளையும் கலந்த வரிகள், விசிறிபோல விரிந்த துடுப்புகள், பிடரி மயிர்போல நீளமான முட்கள். ஆள் பக்கத்தில் போனாலும் பதறாது. பதற வேண்டிய தேவையும் அதற்கு இல்லை. அதன் உடம்பிலுள்ள 18 முட்களில் விஷம் இருக்கிறது. குத்தினால் தாங்க முடியாத வலி.

1991-ல் இஸ்ரேல் கரையில் ஒரே ஒரு சிங்க மீன் கிடைத்தது. அத்தோடு சரி, பிறகு இருபது ஆண்டுகளுக்கு அதன் பேச்சே இல்லை. 2012-ல் லெபனான் கரையில் மறுபடி தென்பட்டது. இந்த முறை அது திரும்பிப் போகவில்லை. சில ஆண்டுகளிலேயே சைப்ரஸ், துருக்கி, கிரீஸ் என்று பரவி, துனிசியா, இத்தாலி வரை போய்விட்டது. 2021-ல் அட்ரியாட்டிக் கடலில் குரோஷியாவிலும் பார்த்தார்கள்.

இவ்வளவு வேகத்துக்குக் காரணம் அதன் வேட்டை முறையும் இனப்பெருக்கமும். இரண்டு துடுப்புகளையும் அகல விரித்து, சின்ன மீன்களை ஒரு மூலைக்கு ஒதுக்கும். பிறகு வாயைத் திறந்து உறிஞ்சிவிடும். தன் நீளத்தில் பாதி இருக்கிற மீனைக்கூட விழுங்கும். இந்தியப் பெருங்கடலிலும் செங்கடலிலும் வாழும் சின்ன மீன்களுக்கு இந்த உருவம் பரம்பரை எதிரி. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளிலும் சிங்க மீன் குடும்பம் உண்டு. மத்தியதரைக் கடலின் சின்ன மீன்களுக்கோ இது முன்பின் பார்த்திராத உருவம். ஆபத்து என்று தெரியாமல் பக்கத்திலேயே நீந்திக்கொண்டிருக்கும். இன்னொரு பக்கம், ஒரு பெண் சிங்க மீன் ஓர் ஆண்டில் 20 லட்சம் முட்டைகள் வரை இடக்கூடியது.

2017-ல் சைப்ரஸில் ‘ரிலயன்மெட்’ என்ற திட்டம் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் சைப்ரஸ் பல்கலைக்கழகம் உள்ளிட்ட அமைப்புகள் சேர்ந்து நடத்தின. சாதாரணமாக, காற்று உருளையைக் கட்டிக்கொண்டு ஈட்டியால் மீன் பிடிப்பது அங்கே சட்ட விரோதம். சிங்க மீனுக்காக மட்டும் பயிற்சி பெற்ற முக்குளிப்பவர்களுக்குச் சிறப்பு அனுமதி கொடுத்தார்கள். நாள் குறித்து, குழுவாக இறங்கி, போட்டி வைத்துப் பிடித்தார்கள். பிடித்த இடத்தில் எண்ணிக்கை சட்டென்று குறைந்தது. சில மாதங்கள் கழித்துப் பார்த்தால், பக்கத்துப் பாறைகளிலிருந்தும் ஆழத்திலிருந்தும் புதியவை வந்து அந்த இடங்களை நிரப்பியிருந்தன. வீட்டு வாசலில் சருகு பெருக்குகிற வேலை மாதிரி. தினமும் பெருக்கினால் வாசல் சுத்தமாக இருக்கும், ஆனால் மரம் அங்கேயேதான் நிற்கும்.

வலையைக் கடிக்கும் பேத்தை

சிங்க மீனையாவது சாப்பிடலாம். மீனவர்கள் நிஜமாகவே வெறுப்பது இன்னொருவரை. கிரேக்க மொழியில் ‘லாகோகெஃபலோஸ்’, அதாவது முயல்தலையன். நம் பேத்தை மீனின் குடும்பம். முதுகில் புள்ளிகள், பக்கவாட்டில் பளபளக்கும் வெள்ளிப் பட்டை. ஒரு மீட்டருக்கு மேலும் வளரும். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு பற்கள்தான். ஆனால், வெட்டுக்கத்தரி போன்ற பற்கள்.

2003-ல் துருக்கியின் கோக்கோவா வளைகுடாவில் இதை முதலில் கண்டார்கள். அதன்பின் ஏறக்குறைய மத்தியதரைக் கடல் முழுக்கப் பரவிவிட்டது. வலையில் சிக்கிய மீனைத் தின்ன வரும்போது வலையையும் சேர்த்துக் கடித்துவிடுகிறது. தூண்டில் கயிறு, கொக்கி எதையும் விடுவதில்லை. இரவு விரித்த வலையைக் காலையில் இழுத்தால் பாதி தின்ற மீனும் பெரிய ஓட்டைகளும்தான் மிச்சம். சின்னப் படகு வைத்துக் குடும்பத்தை நடத்துகிறவருக்கு அன்றைய கூலியும் போச்சு, வலை சரிபார்க்கும் செலவும் தலைமேல்.

சரி, அதையே பிடித்து விற்கலாம் என்றால், அதன் உடம்பில் டெட்ரோடோடாக்சின் என்ற கொடிய விஷம் இருக்கிறது. நரம்பு மண்டலத்தை முடக்கும். மாற்று மருந்து கிடையாது. சமைத்தாலும் விஷம் போகாது. ஜப்பானில் உரிமம் பெற்ற சமையல்காரர்கள் மட்டும் சமைக்கிற ‘ஃபூகு’ இதே குடும்பம்தான். 2005-க்கும் 2008-க்கும் இடையே இஸ்ரேலில் மட்டும் 13 பேர் இந்த மீனைத் தின்று மருத்துவமனையில் சேர்ந்தார்கள். நல்லவேளையாக அனைவரும் பிழைத்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்தக் குடும்பத்து மீன்களை விற்கவே தடை.

விற்க முடியாத மீனை யார் பிடிப்பார்கள்? அதனால் சைப்ரஸ் அரசு 2012-ல் ஒரு திட்டம் தொடங்கியது. பேத்தையைப் பிடித்து ஒப்படைத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று காசு கொடுப்பது. அண்மைக் காலத்தில் அது கிலோவுக்குச் சுமார் 4.73 யூரோ. ஒப்படைத்த மீன்கள் உலையில் எரிக்கப்படுகின்றன. துருக்கியில் வேறு வழி. 2020 இறுதியில், ஒரு வாலுக்கு 5 லிரா என்று அறிவித்தார்கள். வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் பணம்.

மீனவர்களுக்கு இது ஓரளவு கைகொடுக்கிறது. ஆனால், நல்ல மீன் பிடித்துச் சந்தையில் ஏலம் கேட்கவைத்த கைக்கு, எரிப்பதற்காக மீன் பிடித்துக் கொடுப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

கதவை மூட முடியுமா?

உலக வணிகத்தில் கணிசமான பங்கு ஓடுகிற கால்வாயை யாரும் மூடப்போவதில்லை. எகிப்தின் முக்கிய வருமானங்களில் ஒன்று அது. ஆனால், பழைய தடையைத் திரும்பக் கட்டலாம் என்று சில விஞ்ஞானிகள் சொல்லிவருகிறார்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளிலிருந்து வெளியேறும் அடர்த்தியான உப்புநீரைக் கசப்பு ஏரிகளில் விட்டால், பழையபடி ஓர் உப்பு வேலி உருவாகும் என்பது யோசனை. கேட்க எளிதாக இருக்கிறது. நடைமுறைக்கு வந்தாலும், இனி வருபவர்களை மட்டுமே அது தடுக்கும். வந்து குடியேறியவர்களை ஒன்றும் செய்யாது.

மிச்சம் இருக்கிற ஆயுதம் தட்டுதான்.

லார்னாகாவுக்கும் லிமசோலுக்கும் நடுவே சீகி என்ற சின்ன மீனவ ஊர். கடலைப் பார்த்தபடி வரிசையாக மீன் உணவகங்கள். வார இறுதிகளில் குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்து ‘மீன் மெஸே’ கேட்பார்கள். நம் ஊர் விருந்துபோல, சின்னச் சின்னத் தட்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். பொரித்த கணவாய், சுட்ட ஆக்டோபஸ், நவரையின் உறவான சிவப்பு மீன், கூடவே ரொட்டியும் எள் விழுது சாஸும். தீவின் சில உணவகங்களில் இந்த வரிசையில் இப்போது சிங்க மீனும் சேர்ந்திருக்கிறது. விஷம் முள்ளில்தான், சதையில் இல்லை. கையுறை போட்டுக்கொண்டு கத்தரியால் முட்களை நறுக்கிவிட்டால் மற்ற மீன்களைப் போலத்தான். சதை வெள்ளையாக, மென்மையாக இருக்கும். வெட்டிய துடுப்புகளையும் வீணாக்காமல் காதணியும் பதக்கமும் செய்து பார்த்தார்கள்.

2021-ல் ஐரோப்பிய ஆணையமே சமையல் கலைஞர்களைக்கொண்டு, அதிகம் கவனிக்கப்படாத கடல் உணவுகளைச் சாப்பிடச் சொல்லிப் பிரசாரம் நடத்தியது. அதில் சைப்ரஸ் சார்பாக மேடையேறியது சிங்க மீன்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. ஒரு மீனுக்கு நல்ல விலை வந்துவிட்டால், அது அழிய வேண்டும் என்று பிடிக்கிறவர் ஏன் நினைக்கப்போகிறார்? கூர்கூனா விஷயத்தில் அதுதான் நடந்தது. இன்று சைப்ரஸில் யாரும் கூர்கூனாவை ஒழிக்க வேண்டும் என்று பேசுவதில்லை. சிங்க மீனும் ஒருநாள் அப்படி ‘நம்ம மீன்’ ஆகிவிடலாம். அப்போது குறைந்துபோன உள்ளூர் மீன்களுக்காகப் பேச யார் இருப்பார்கள் என்பதுதான் கேள்வி. அதனால்தான், சாப்பிடுவதோடு நிறுத்தாமல், களவா போன்ற பெரிய வேட்டை மீன்களை அளவுக்கு மீறிப் பிடிக்காமல் விடுவது, மீன்பிடி தடைப் பகுதிகளைக் காப்பது, அங்கே சிங்க மீனை மட்டும் தொடர்ந்து அகற்றுவது என்று எல்லாம் சேர்ந்து நடக்க வேண்டும் என்கிறார்கள் கடல் ஆய்வாளர்கள்.

நமக்கு இதில் என்ன?

மீன்கள் ஊர் மாற கால்வாய்தான் வேண்டும் என்றில்லை. 1985-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா கரையில் ஒரு சிங்க மீன் கிடைத்தது. வீட்டு மீன்தொட்டியிலிருந்து யாரோ கடலில் விட்டதுதான் தொடக்கமாக இருக்கும் என்று கருதப்படுகிறது. இன்று கரீபியன் கடல் முழுக்க அதன் ராஜ்ஜியம். கப்பல்கள் சமநிலைக்காக அடித்தளத்தில் ஏற்றிவரும் கடல்நீரிலும் உயிரினங்கள் பயணம் செய்கின்றன. எண்ணூர், பழவேற்காடு பகுதி மீனவர்கள் ‘காக்கா ஆழி’ என்று சொல்லி நொந்துகொள்கிறார்களே, தென் அமெரிக்காவைச் சேர்ந்த அந்தச் சிப்பி, கப்பல்கள் வழியே வந்திருக்கலாம் என்பதுதான் ஆய்வாளர்களின் கணிப்பு. இறால் கிடைத்துக்கொண்டிருந்த இடங்களை அது படுகையாகப் படர்ந்து மூடிவிட்டது.

வீட்டில் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு. வளர்க்க முடியவில்லை என்றால் கடைக்காரரிடமோ, வேறு வளர்ப்பவரிடமோ கொடுத்துவிடுங்கள். பாவம் பார்த்து ஏரியிலோ, ஆற்றிலோ, கடலிலோ விடாதீர்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

சைப்ரஸ் போகிறவர்களுக்கு...

* பூநாரை பார்க்க நவம்பர் முதல் மார்ச் வரை. கடலில் இறங்க மே முதல் அக்டோபர் வரை நல்ல காலம்.

* ‘செனோபியா’ கப்பலைப் பார்க்க ஸ்கூபா பயிற்சிச் சான்றிதழ் தேவை. பயிற்சி பெற்ற வழிகாட்டி இல்லாமல் இறங்க வேண்டாம்.

* பாறை இடுக்கில் சிங்க மீனைப் பார்த்தால் படம் எடுக்கலாம், தொடக் கூடாது. முள் குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அந்த இடத்தை வைத்திருந்து, உடனே மருத்துவரைப் பாருங்கள். சூடு, வலியைக் குறைக்கும்.

* கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பேத்தையைக் குழந்தைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செத்த மீனிலும் விஷம் இருக்கும்.

* உணவகத்தில் சிங்க மீன் இருக்கிறதா என்று கேளுங்கள். கிரேக்கத்தில் ‘லியோந்தோப்சரோ’ என்றால் புரிந்துகொள்வார்கள். ஒரு தட்டு கேட்டால் அந்தக் கடலுக்கு உங்கள் பங்குக்கு ஒரு சின்ன உதவி. கூடவே கூர்கூனாவும் கேட்டுப் பாருங்கள். புளிக்குழம்பு இல்லாவிட்டாலும், ஓராவின் ருசி நாக்குக்கு உடனே அடையாளம் தெரியும்.